முடிந்ததைக் கொடுங்கள்

டிசம்பர் பிறக்கப்போகிறது என்றால் ப்ரியாவிடமிருந்து போன் வந்துவிடும். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. இந்த முறை அவள் இரண்டு விஷயம் கேட்டாள். கொடைநாளில் முதல்முறையாகச் சேரப்போகும் சின்ன அமைப்புகளுக்கு நான் கண்டதையும் பட்டதையும் எழுதித் தர வேண்டும், அது ஒன்று. அன்றைக்கு நாங்கள் எல்லோருக்கும் அனுப்பும் செய்தியில் ஒரே ஒரு தமிழ் வரி உண்டு. அது சரியான தமிழ் இல்லை என்று அவளுடைய கம்ப்யூட்டர் சொல்கிறதாம். திருத்திவிடலாமா என்பது இன்னொன்று.

"ஒக்க லைனே கதா ஆன்ட்டி, சேன்ஜ் சேசேஸ்தா," என்றாள். ஒரே வரிதானே, மாற்றிவிடுகிறேன் என்கிறாள். தமிழ் வீட்டுப் பெண்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள், நடுவில் ரெண்டு பேருக்கும் புரியாதது ஆங்கிலத்தில் போகும். வேலைக்குச் சேர்ந்தபோது என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், இன்று அந்த ஆபீஸையே நடத்துகிறாள். அதட்டுவதற்கும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"அதுல கை வைக்காதே. எழுதி அனுப்பறேன், படிச்சிட்டு அப்புறம் சொல்லு," என்றேன்.

எங்கள் ஆபீஸ் சிகந்திராபாத் பக்கம் லோத்குண்டாவில், ராணுவ நிலத்தின் முள்வேலியை ஒட்டிய சந்தில் இருக்கிறது. வாசல் பலகையில் நீளமான பெயர் ஒன்று உண்டு. அதை அக்கம்பக்கத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சாமான் ஆபீஸ் என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு வேண்டிய சாமான்களை இரவல் கொடுப்பது எங்கள் வேலை. வீல்சேர், வாக்கர், தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில், படுக்கைப்புண் வராமல் இருக்க தண்ணீர் மெத்தை, மூச்சு முட்டுகிறவர்களுக்கு ஆக்சிஜன் மெஷின். வாடகை கிடையாது. தேவை தீர்ந்ததும் கொண்டுவந்து விட்டால் போதும்.

உள்ளே நீளமான ஷெட். வீல்சேர்களையெல்லாம் வாசலைப் பார்த்து வரிசையாக நிறுத்தியிருப்போம். மத்தியானத்தில் காற்று வந்தால், பிரேக் போடாத நாற்காலி ஏதாவது ஒன்று தானாகக் கொஞ்சம் நகரும். நான் தலையைத் தூக்கிப் பார்த்து, "இருங்க, வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வேன். பைத்தியம் என்று நினைப்பீர்கள். அங்கே நாலு மத்தியானம் உட்கார்ந்து பாருங்கள், நீங்களும் பேசுவீர்கள்.

நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்த ஊர்தான். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர்; பூர்வீகம் குடியாத்தம் பக்கம். டைப் அடிக்கத் தெரியும் என்று சொல்லித்தான் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு கட்டிலைக் கழற்றி மாட்டவும், மெத்தையில் எவ்வளவு தண்ணீர் நிரப்ப வேண்டும் என்று பார்க்கவும், குறுகலான மாடிப்படியில் வீல்சேரை எப்படிச் சாய்த்து ஏற்றுவது என்றும் கற்றுக்கொண்டேன். டைப்பை மறந்தே போனேன்.

அந்த ஆபீஸை ஆரம்பித்தவர் ஹஷ்மத் சாப். சிகந்திராபாத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர். அவர் மனைவி நெடுநாள் படுக்கையில் இருந்து இறந்துபோனார். அவருக்காக வாங்கிய கட்டிலையும் நாற்காலியையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததில் தொடங்கியது இதெல்லாம். மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் ஒரு கேள்வி கேட்பார். "கைக்கு?" என்பார். இந்த ஊர் உருதுவில் அதற்கு ‘எதற்கு’ என்று அர்த்தம். புது அலமாரி வேண்டும் என்றால் "கைக்கு?" லீவு வேண்டும் என்றால் "கைக்கு?" மறுப்பதற்காகக் கேட்கிறார் என்று முதலில் எனக்கு எரிச்சலாக வரும். பதில் சொன்னால் போதும், "ஹவ்," என்று தலையாட்டிவிடுவார். சொல்லத் தெரியாமல் முழித்தால்தான் கிடைக்காது.

ஒருமுறை வேலூரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த அம்மா ஒருத்தர் கைத்தடி கேட்டு வந்தார். சாப் வழக்கம்போல் "கைக்கு?" என்றார். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்: "கைக்கு இல்லீங்க, காலுக்கு." சாப்புக்குத் தமிழ் நன்றாகப் புரியும். சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய், இருப்பதிலேயே நல்ல தடியாகப் பார்த்து எடுத்து வந்து கொடுத்தார்.

கேள்வி கேட்பதில் அவ்வளவு ஆசை உள்ள மனிதர், சில இடங்களில் வாயையே திறக்கக் கூடாது என்று வைத்திருந்தார். சாமான் திரும்பி வரும்போது நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்கக் கூடாது. கேட்க வேண்டியதும் இல்லை. குணமாகிவிட்டவர் வீட்டிலிருந்து வரும் வாக்கரில் மஞ்சளும் குங்குமமும் இருக்கும், சிலது பூ சுற்றிக்கொண்டு வரும், சிலதில் அத்தர் வாசனை அடிக்கும். மற்றது கழுவித் துடைத்து, பினாயில் வாசனையோடு வரும். நாங்கள் பேசாமல் வாங்கி உள்ளே வைத்துக்கொள்வோம். தமிழ் வீட்டில் பிறந்தவளுக்கு ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லாமல் யாரையும் அனுப்பத் தெரியாது. அந்த வாசலில் ‘வாங்க’ என்றால் சபித்த மாதிரி ஆகிவிடும். ‘நல்லா இருங்க’ என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

இன்னொன்று, இரவல் வாங்கிப் போனவர்களிடம் எந்தக் காலத்திலும் நன்கொடை கேட்கக் கூடாது. வாங்கியவர் வெறும் வாங்கியவராகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்பார் சாப். எல்லாவற்றையும்விடக் கண்டிப்பாக அவர் வைத்திருந்தது, சாவு நடந்த வீட்டில் சாமானைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்பது. "நக்கோ பூச்சோ," கேட்காதே, அவ்வளவுதான். அவர்களுக்குத் தோன்றும்போது கொண்டுவருவார்கள். சில வீடுகளில் அது தோன்றவே தோன்றாது. நான் அதற்காகப் பலமுறை முணுமுணுத்திருக்கிறேன். அவர் அசைந்து கொடுத்ததில்லை.

இப்படி இருந்த எங்களை மாதாப்பூருக்குக் கூப்பிட்டார்கள். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், வருஷத்தில் ஒருநாள் ஊரெல்லாம் சேர்ந்து தர்மம் செய்கிற கொடைநாளைப் பற்றிச் சின்ன அமைப்புகளுக்குப் பாடம் நடத்தினார்கள். கண்ணாடிக் கட்டடம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேகம் பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. அந்த ஏசியில் எனக்குப் பாதி நேரம் கண் சொக்கியது. ஆனாலும் பாடம் நடத்திய பையன் சொன்னது அத்தனையும் காதில் விழுந்தது, அத்தனையும் சரி. இன்றைக்கும் நான் அதையேதான் சொல்வேன்.

மழை விடும்போதே வேலையைத் தொடங்குங்கள், நவம்பர் கடைசியில் ஓடாதீர்கள் என்றான். வரிவிலக்குப் பத்திரங்கள் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து விஷயம் கேட்காமல் ஒன்றைக் கேளுங்கள். தெரியாதவர்களிடம் போவதற்கு முன், ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்களிடம் சொல்லி, அவர்களை விட்டு அவரவர் நண்பர்களிடம் சொல்லச் சொல்லுங்கள். அன்றைக்கு முழுவதும் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருங்கள். கொடுத்தவருக்கு அன்று மாலைக்குள் நன்றி சொல்லிவிடுங்கள். சில மாதம் கழித்து, கொடுத்தது என்ன ஆனது என்று கட்டாயம் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் இந்தக் கடைசியைத்தான் விட்டுவிடுகிறார்கள் என்றான். உண்மைதான்.

ஒரு முகம் வேண்டும் என்றும் சொன்னான். நோயாளி ஒருவரின் படம். சாப் கை தூக்கி "கைக்கு?" என்றார். முகத்தைப் பார்த்தால்தான் மக்கள் மனம் இளகும் என்றான் பையன். படுத்திருக்கிற மனிதர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே கூசுவார், அதை ஊருக்கு எதற்குக் காட்டுவது என்று சாப் மெதுவாகக் கேட்டார். பையன் நல்ல பிள்ளை. கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, நாற்காலியைப் படம் எடுங்கள் என்றான். காலை வெயிலில் எங்கள் ஷெட்டில் ஒரு காலி வீல்சேரைப் படம் பிடித்தோம்.

என்ன கேட்பது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ஆக்சிஜன் மெஷின்தான். எங்களிடம் இருந்ததெல்லாம் வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் எங்கள் வாசல் பெஞ்சில் லட்சுமி வந்து உட்காருவாள். தையல் வேலை செய்கிறவள். கணவர் யாதகிரி கல் உடைக்கிற மெஷினில் வேலை பார்த்து, நுரையீரல் முழுக்கத் தூசியாகி, அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இனி வைத்தியம் செய்ய ஒன்றுமில்லை, ஆக்சிஜன் மெஷின் இருந்தால் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், இல்லாவிட்டால் இங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மனிதர் யார் போனாலும் ஒன்றையே சொன்னார்: "இன்டிக்கி போத்தா." வீட்டுக்குப் போறேன். லட்சுமி காலையில் அவருக்குச் சோறு கொடுத்துவிட்டு, சாயங்காலம் மறுபடி போகும்வரை எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாளும் மெஷின் வந்ததா என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

கொடைநாளில் பணம் சேர்ந்தாலும் அது கைக்கு வந்து, மெஷினை வாங்கிக் கொண்டுவர எப்படியும் நாளாகும். யாதகிரியிடம் அவ்வளவு நாள் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அல்வாலில் ஒரு வீட்டில் எங்கள் மெஷின் ஒன்று இருந்தது எனக்குத் தெரியும், சாப்புக்கும் தெரியும். ராமலிங்கம் என்று, என் அப்பா வேலை பார்த்த அதே ஒர்க்‌ஷாப்காரர். அவர் இறந்து மாதங்கள் ஆகிவிட்டன. அவர் மனைவி வேதவல்லி அம்மா மெஷினை அனுப்பவில்லை. நக்கோ பூச்சோ. நாங்கள் கேட்கவில்லை.

செய்தியை ப்ரியாதான் எழுதினாள். தெலுங்கில், இந்தியில், ஆங்கிலத்தில், எல்லாம் அழகாக. எங்கள் பழைய நன்கொடையாளர்களில் ரயில்வே தமிழ்க் குடும்பங்கள் நிறைய என்பதால் தமிழில் ஒரு வரியாவது இருக்கட்டும் என்றேன். உங்களால் இயன்ற உதவியைச் செய்யுங்கள் என்பதைத்தான் அவள் எழுத நினைத்தாள். அவள் வீட்டில் அதை எப்படிச் சொல்வார்களோ அப்படி எழுதினாள். வரி நீளமாகிறது என்று ‘உங்களால்’ என்பதை வெட்டிவிட்டாள். கடைசியில் நின்றது இரண்டே சொல்: முடிந்ததைக் கொடுங்கள்.

அன்று விடிந்ததும் இருந்த பரபரப்பில், நன்கொடையாளர்களுக்கு மட்டும் போக வேண்டிய செய்தி ஆபீஸ் போனில் இருந்த அத்தனை பேருக்கும் போய்விட்டது. இரவல் வாங்கிய வீடுகளுக்கும் சேர்த்து. ப்ரியாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சாப் திட்டவில்லை. ஒரு வீல்சேரில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

நல்ல பனி. வேலிக்கு அப்பால் ராணுவத்து வேப்பமரங்கள் பாதிதான் தெரிந்தன. சந்துமுனையில் சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து ஒரு பெரியவர் காலி வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தார். அல்வாலிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். உட்கார்ந்திருப்பவர் மடியில் போர்த்துவதுபோல அதன்மேல் ஒரு போர்வையை மடித்துப் போட்டிருந்தார். போர்வையும் எங்களுக்காம்.

"முடிஞ்சதைக் கொடுங்கன்னு போட்டிருந்தீங்களே," என்றார் என்னிடம். "முடிஞ்சு ரொம்ப நாளாச்சும்மா. யாராவது வாயைத் திறந்து கேட்டிருந்தா எப்பவோ கொண்டாந்திருப்பேன். நானா எடுத்துட்டு வர கால் வரல."

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தெலுங்கு வீடுகளிலும் உருது வீடுகளிலும் அது வழக்கமான நன்கொடைச் செய்தி. படித்தார்கள், சிலர் அனுப்பினார்கள், சிலர் விட்டுவிட்டார்கள். தமிழ் வீடுகளில் மட்டும் அந்த வரி வேறு மாதிரிப் போய் இறங்கியிருக்கிறது. எது முடிந்துவிட்டதோ அதைக் கொடுங்கள். மத்தியானத்துக்குள் ஒரு வாக்கர் வந்தது, ஒரு ஜோடி ஊன்றுகோல் வந்தது, தண்ணீர் மெத்தை ஒன்று ஆட்டோவின் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வந்தது. ப்ரியாவுக்கு அந்த இரண்டு அர்த்தத்தையும் நான் விளக்கியபோது நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாப் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ‘யாராவது கேட்டிருந்தா’ என்று அந்தப் பெரியவர் சொன்னது அவரை என்னவோ செய்துவிட்டது. அதன் பிறகு வந்தவர்களிடமிருந்து ஒவ்வொரு சாமானையும் அவரே எழுந்து போய் வாங்கினார்.

நாலு மணிக்கு வேதவல்லி அம்மா போன் செய்தார். என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். அந்தக் குரலில் அவ்வளவு கோபத்தை நான் கேட்டதில்லை. "எது முடிஞ்சுது சரசு? முடிஞ்சுதுன்னு யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் சாப். கிளம்பும்போது லட்சுமி பெஞ்சிலிருந்து எழுந்து வழிவிட்டாள். சாப்பாட்டுத் தூக்கு அவள் கையில் இருந்தது. ஆட்டோவில் ஏறியதும் சாப் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார்: நக்கோ பூச்சோ. நாம் போவது மெஷினைக் கேட்பதற்கு இல்லை. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்த மனிதரின் மரியாதையில் ஓர் உயிர் வீட்டைப் பார்க்காமலே போகப்போகிறது என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

மாடி வீடு. படியேறும்போதே அந்தச் சத்தம் காதில் விழுந்தது. ஆக்சிஜன் மெஷினைக் கேட்டிருக்கிறவர்களுக்குத் தெரியும், அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். நடுநடுவே ‘புஸ்’ என்று பெருமூச்சு விடும். விரித்த கட்டில், கசங்காத தலையணை, பக்கத்தில் மெஷின். மூக்கில் மாட்டுகிற குழாயைக் கழுவி, சுருட்டி, ஆணியில் மாட்டியிருந்தார். அறையில் ஊதுபத்தி வாசனை. யாருக்காகவும் இல்லாமல் அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

சாப் கை கூப்பினார். செய்தி தவறிப்போய் வந்துவிட்டது, உங்களுக்கு அனுப்பியதே இல்லை, மன்னிக்க வேண்டும் என்றார்.

"அதைப் போன்லயே சொல்லியிருக்கலாமே சாப்," என்றார் வேதவல்லி அம்மா. "இவ்வளவு தூரம் கைக்கு வந்தீங்க?"

சாப்பின் கேள்வி அவரிடமே வந்து நின்றது. பொய் சொல்லத் தெரியாத மனிதர், கேட்கவும் மாட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும்தான்.

அந்த அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கோபம் போய்விட்டிருந்தது. எங்களிடம் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாத குரலில் பேசினார். "இந்தச் சத்தத்துலதான் தூங்கிப் பழகினேன். இது நின்னா அவர் மூச்சு நின்னுதுன்னு அர்த்தம், அப்படியே மனசுல பதிஞ்சுபோச்சு. அவர் போன அன்னிக்குக்கூட இது ஓடிக்கிட்டேதான் இருந்துது. யாரோ வந்து நிறுத்தினாங்க. மறுநாள் நான் மறுபடி போட்டுட்டேன். சாயங்காலமானா போடுவேன். தூக்கம் வந்ததும் அதுவா ஓடட்டும்னு விட்டுடுவேன். இதை எடுத்துக் கொடுன்னா, நான் என் கையால நிறுத்தணும். அது என்னால ஆகாது சரசு."

காப்பி போடுகிறேன் என்று எழுந்தார். சாப் வேண்டாம் என்றார். கிளம்பலாம் என்று நான் பையை எடுத்தேன்.

அப்போது கரண்ட் போனது.

மெஷின் ‘கீ’ என்று கத்தியது. கரண்ட் போனால் அப்படிக் கத்தும். பக்கத்தில் இருப்பவர் சிலிண்டருக்கு மாற்றுவதற்காக. வேதவல்லி அம்மா மெஷினையே பார்த்தார். நான் போய் அந்த அலாரத்தை அணைத்தேன். அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மற்றதெல்லாம் காதுக்கு வந்தது. கீழ்வீட்டில் குக்கர் விசில். தெருவில் யாரோ பெருக்குகிறார்கள். தூரத்தில் ராணுவ முகாமில் சாயங்காலக் கொடி இறக்குகிற பியூகிள், காற்றில் வந்தும் போயும். எங்கோ அல்வால் ஸ்டேஷன் பக்கம் ரயில். அந்த அம்மா தலையைச் சாய்த்து ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ பயப்பட்டது வரும் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது. அது வரவில்லை. வெளிச்சம் மட்டும் ஜன்னலில் குறைந்துகொண்டே வந்தது.

"யாராவது காத்திருக்காங்களா சாப்?" என்று கேட்டார்.

"ஹவ் அம்மா," என்றார் சாப். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

வேதவல்லி அம்மா எழுந்து ஆணியிலிருந்து குழாயை எடுத்து, மெஷின்மேல் வைத்தார். பிளக்கை அவரே பிடுங்கினார்.

"அப்ப கரண்ட் வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போங்க," என்றார்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். கடைசிப் படியில் இருக்கும்போது தெருவிளக்குகள் எரிந்தன, வீடுகளில் டிவி பேச ஆரம்பித்தது. மேலே அந்த வீட்டில் லைட் எரிந்தது. வேறு சத்தம் கேட்கவில்லை. ஆட்டோவில் மெஷினை முழங்கால்களுக்கு நடுவே வைத்துப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். சாப் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஃபில்டரை மாற்றி, சரிபார்த்து, யாதகிரி வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். வாசலைப் பார்த்துக் கட்டிலைப் போடச் சொன்னார் அவர். தெருவில் போகிறவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தான் வீட்டுக்கு வந்துவிட்டதைச் சொன்னார். பேச மூச்சு இல்லாவிட்டாலும் சொன்னார். லட்சுமி தையல் மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சில நாள் கழித்து வேதவல்லி அம்மா எனக்குப் போன் செய்தார். மெஷின் எந்த வீட்டில் ஓடுகிறதோ அந்த நம்பர் வேண்டுமாம். ஒன்றும் பேச மாட்டேன், தூங்கப்போகும் முன் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன் என்றார். கொடுத்தவரையும் வாங்கியவரையும் நாங்கள் ஒருபோதும் சேர்த்து வைப்பதில்லை. சாப்பிடம் கேட்டேன். "கைக்கு?" என்றார். சொன்னேன். வெகுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு "ஹவ்," என்றார்.

அன்றிலிருந்து விளக்கு வைக்கும் நேரத்தில் லட்சுமியின் போன் அடிக்கும். அவள் எடுத்து, ஹலோகூடச் சொல்லாமல், மெஷின் பக்கத்தில் காட்டுவாள். முதலில் சத்தம் மட்டும். அப்புறம் மெல்ல மெல்லத் தெலுங்கில் ஒன்றிரண்டு பேச்சு. என்ன குழம்பு, வெயில் எப்படி, பிளவுஸ் தைக்க எவ்வளவு துணி. யாதகிரி இரண்டு மழைக்காலம் பார்த்தார்.

அவர் போன பிறகு லட்சுமி மெஷினைத் தன் வீட்டில் வைத்திருக்கவில்லை. காரியங்கள் முடிந்த மறுநாள் காலையிலேயே ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டாள். யாரோ பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? சாப்பும் நானும் வாசலுக்குப் போனோம். துடைத்த பினாயில் வாசனை இல்லை. மெஷின் நெற்றியில் அப்பியதுபோல மஞ்சள், நடுவில் குங்குமம். சாப் அதைப் பார்த்தார். அவர் கேட்க மாட்டார் என்று தெரிந்து லட்சுமியே சொன்னாள். "இன்டிக்கி ஒச்சிண்டு கதா சாப்," என்றாள். வீட்டுக்கு வந்துட்டாரே சாப், என்று. சாப் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சாப் இப்போது இல்லை. அந்தக் கொடைநாளுக்குக் கம்பெனிக்காரர்களும் மற்றவர்களும் கொடுத்ததில் புது மெஷின்கள் வந்தன, இன்றும் ஓடுகின்றன. புதிதாகச் சேரப்போகிறவர்கள் மாதாப்பூர் பையன் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்யுங்கள். கூடவே அன்றைக்கு வாசல் கேட்டைத் திறந்து வைத்து, அங்கே ஓர் ஆளை உட்கார வையுங்கள். போனில் அனுப்ப முடியாததைத் தூக்கிக்கொண்டு சிலர் நேரில் வருவார்கள். ப்ரியாவுக்கு என் பதில், அந்த வரி அப்படியே இருக்கட்டும். கம்ப்யூட்டருக்கு அது பிழையாகத்தான் தெரியும். அதற்கு முடிந்தது ஒன்றுமில்லை.

மெஷின் திரும்பி வந்த அன்று சாயங்காலம் நான் லட்சுமி வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலும் எங்களுடையதுதான், அதை எடுக்க ஆள் வருவதற்காகக் காத்திருந்தோம். விளக்கு வைக்கும் நேரம். போன் அடித்தது. லட்சுமி பழக்கத்தில் எடுத்து, பழக்கத்தில் மெஷின் இருந்த மூலைக்கு நடந்து, அந்தக் காலி இடத்தில் போனை நீட்டினாள். அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகக் காதுக்குக் கொண்டுவந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கமும் பேச்சில்லை. ரெண்டு பேரும் வைக்கவும் இல்லை.

வெகுநேரம் கழித்து, அந்த அமைதியில் எனக்கும் கேட்கிற மாதிரி, சாப்பிட்டாயா என்று தெலுங்கில் கேட்டது வேதவல்லி அம்மாவின் குரல்.

"அன்னம் தின்னவா அம்மா?"